கிருமியைக் கூட்டுச் சேக்காதே, மருமவனே

வா மருமவனே, வா. பஸ்ஸை விட்டு இறங்கினவன் நேரா மாமன் லயத்துக்கு ஏறி வந்திருக்கே. கையில பழம் இல்லே, பலகாரம் இல்லே. மூஞ்சி மட்டும் ஈர விறகு வச்ச அடுப்பு மாதிரி இருக்கு. உக்காரு. அந்த பெஞ்சுக்கு ஒரு கால் ஆடும், நீ ஆடாம இருந்தா அதுவும் ஆடாது. கட்டஞ்சாயா போடுதேன். தேயிலைத் தோட்டத்துல பொறந்தவன் கடையில பாக்கெட் தூள் வாங்கிச் சாயா போடுதேன், பாத்துக்கோ. ஸ்டோர்ல மெஷின் துருப்பிடிச்சுக் கிடக்கு, கொழுந்து மரமா வளந்து நிக்கு.

நீ வந்த சமாச்சாரம் எனக்குத் தெரியும். விதுராவுல உங்க அப்பன் விட்டுட்டுப் போன பத்து சென்ட், ஒரு கிணறு, எட்டு ரப்பர் மரம். உங்க அண்ணன் எல்லைக்கல்லை ரெண்டு முழம் தள்ளி நட்டுட்டான். அந்த எட்டு மரத்துப் பாலையும் சேத்து வித்தா உன் சாயாக்கடைப் பற்று தீராது. ஆனா மானம்னு ஒண்ணு இருக்குல்லா?

அதுக்காக நீ கண்டுபிடிச்சிருக்க வழி இருக்கே, அடேயப்பா! வெட்டுக்கத்தி வேண்டாம், விஷம் வேண்டாம், கண்ணுக்குத் தெரியாத ஒரு கிருமி. நாலு நாள் காய்ச்சல், ஊர் கூடி அழும், நீயும் சேந்து அழுதுக்கலாம். சாட்சி கிடையாது. இந்த மூளையை எட்டாம் கிளாஸ்ல காட்டியிருந்தா உங்க அப்பன் இன்னும் நாலு வருஷம் இருந்திருப்பான்.

சரி, தாய்மாமன்கிட்ட யோசனை கேட்டு வந்துட்டே. வந்தவனை வெறுங்கையோட அனுப்புறது நம்ம வழக்கம் இல்லே. முறையாவே சொல்லித் தாரேன்.

என்னைச் சும்மா நினைக்காதே. நான் தோட்டத்து ஆஸ்பத்திரியில எடுபிடி வேலை பாத்தவன். மலேரியாக் காய்ச்சல்னு ஆள் வந்தா விரல் நுனியில குத்தி, ஒரு சொட்டை கண்ணாடித் துண்டுல வச்சு, இன்னொரு துண்டால இழுத்து விடணும். நாக்கு மாதிரி மெல்லிசா விழணும். தடிச்சா டாக்டர் திட்டுவார். காய வச்சுச் சாயம் ஊத்தி, கழுவி, வரிசையா அடுக்குவேன். ஒருநாள் அந்த மைக்ராஸ்கோப்புல என்னையும் பாக்க விட்டார். ரோஸ் வட்டம் ரோஸ் வட்டமாக் கிடக்கு, நடுவுல ஒண்ணுக்குள்ள மட்டும் ஊதா மோதிரம், அதுல ஒரு கல்லு. அந்த மோதிரம்தான் மலேரியா. கண்ணுக்குத் தெரியாததுன்னு நீ சொல்லுதியே, அது எனக்குத் தெரிஞ்சிருக்கு, கேட்டியா. இப்ப பேத்தி வேற திருவனந்தபுரத்துல தடயவியல் படிக்கா. லீவுக்கு வந்தா இங்க போன்ல டவர் கிடைக்காது. வேற வழியில்லாம தாத்தாகிட்ட பேசுவா. அவ படிச்சதெல்லாம் நானும் படிச்சாச்சு, பரீட்சை மட்டும் எழுதலை.

முதல் பாடம். நீ முன்னோடி இல்லே. உனக்கு முன்னால ஒரு பெரிய இடத்துப் பிள்ளை இதைப் பண்ணிப் பாத்தாச்சு.

பாகூர்னு ஒரு ஜமீன், இப்ப ஜார்க்கண்ட்ல இருக்கு. அண்ணன் பினயேந்திர நாத் பாண்டே, தம்பி அமரேந்திர சந்திர பாண்டே. பாண்டேன்னா நம்ம பாண்டி இல்லே, சிரிக்காதே. அப்பன் ஒண்ணு, தாய் ரெண்டு. அப்பன் செத்தாச்சு, தம்பிக்கு வயசு வந்தாச்சு, பங்கு கேக்கான். உங்க கதைதான், ஆனா அங்க ரப்பர் மரம் எட்டு இல்லே, ஜமீனே இருந்தது.

1932-ல அண்ணன்காரன் தம்பியைப் பாக்க தேவ்கருக்குப் போறான். கையில ஒரு மூக்குக்கண்ணாடி. பாசமா மாட்டி விடுதான், மூக்குத் தோல் கிழியுத அளவுக்குப் பாசம். கொஞ்ச நாள்ல பையனுக்கு ரணஜன்னி. தாடை பூட்டிக்கிட்டு உடம்பு வில்லா வளையுது. மருந்து போட்டுப் பிழைச்சுட்டான். அப்ப யாரும் சந்தேகப்படலை. மூக்குக்கண்ணாடியை யார் சந்தேகப்படுவா?

ஒரு கிருமி கைவிட்டுட்டுது, அடுத்தது பிளேக். இந்த நோயைப் பத்தி நம்ம ஆளுகளுக்குச் சொல்லவே வேண்டாம். கோயம்புத்தூர்ல பிளேக் மாரியம்மன்னே கோயில் இருக்கு, அந்தப் பயம் பயந்திருக்காங்க. பினயேந்திரனுக்குக் கூட்டு ஒரு டாக்டர், தாராநாத் பட்டாச்சார்யா. பிளேக் கிருமி எங்க கிடைக்கும்? பெட்டிக்கடையில தொங்காது. பம்பாய் ஹாஃப்கின் நிலையத்துல இருக்கு. 1896-ல பம்பாய்க்குப் பிளேக் வந்தப்போ ஹாஃப்கின் தடுப்பூசி கண்டுபிடிச்சு, 1897 ஜனவரியில முதல் ஊசியைத் தனக்கே போட்டுக்கிட்டார். அப்பேர்ப்பட்ட ஆள் பேர்ல உள்ள இடத்துக்குத்தான் இவன் தம்பிக்கு ஊசி தேடிப் போறான்!

தாராநாத் 1932-லயே கேட்டு எழுதினான். மேலிடத்து அனுமதி இல்லாமத் தர மாட்டோம்னு பதில் வந்தது. இந்த இடத்துல புத்தியுள்ளவன் திரும்பியிருப்பான். இவங்க 1933 ஜூலையில பம்பாய்க்கே போயிட்டாங்க. பிளேக்குக்கு மருந்து கண்டுபிடிச்சிருக்கேன், சோதிச்சுப் பாக்கணும்னு சொல்லி தாராநாத் ஆர்தர் ரோடு தொத்துநோய் ஆஸ்பத்திரிக்குள்ள நுழைஞ்சுட்டான். அங்க எலிமேல சோதனையும் பாத்தான்.

அப்புறம் 1933 நவம்பர் 26, ஹவுரா ஸ்டேஷன். அமரேந்திரன் பாகூருக்கு ரயிலேறப் போறான். அண்ணன்காரன் வழியனுப்ப வந்திருக்கான், எவ்வளவு மரியாதை பாரு! கூட்டத்துல கதர் போட்ட ஒரு குள்ளமான ஆள் உரசிட்டுப் போறான். கையில சுருக்குனு ஒரு குத்து. தம்பி, ஏதோ குத்திட்டுதுங்கான். ஒண்ணுமில்லே, ரயிலைப் பிடின்னு அண்ணன் சொல்லுதான். பையன் ஊர் போய்ச் சேந்தான். சொந்தக்காரங்களுக்கு மனசு கேக்கலை, திரும்பக் கல்கத்தாவுக்குக் கொண்டு வந்தாங்க. காய்ச்சல் ஏறுது, அக்குள்ள நெறி கட்டுது. டிசம்பர் 4, பையன் போயிட்டான். வயசு இருபது வாக்குல.

காய்ச்சல்ல போனான்னு ஊர் சொன்னதா? சொல்லியிருக்கும். ஆனா வைத்தியம் பாத்த டாக்டருங்க, பையன் உயிரோட இருக்கையிலேயே ஒரு சிரிஞ்சு ரத்தம் எடுத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருந்தாங்க. அங்க அதைக் கிருமிக்குப் பிடிச்ச தீனியில போட்டு வளத்தாங்க. வளந்து வந்தது பிளேக்.

இதுதான்டே கிருமியோட குணம். வெட்டுக்கத்தியை ஆத்துல வீசினா அது அங்கேயே கிடந்து துருப்பிடிக்கும். விஷம் உடம்புல கரையும். கிருமி இருக்கே, தீனி போட்டா ஒண்ணு ரெண்டாகும், ரெண்டு நாலாகும். நீ ஒரு துளி அனுப்பினே, அது கோர்ட்டுக்கு ஒரு குடும்பமா வந்து நிக்கும். இப்படிக் கூட்டாளி எவனாவது சேப்பானா?

1934 ஜனவரியில உறவுக்காரர் ஒருத்தர் போலீஸுக்குப் போறார். வழக்கு அலிப்பூர் கோர்ட்டுல நடக்குது. எலித் தெள்ளு கடிச்சிருக்கும், பிளேக்னா அப்படித்தானே வரும்னு எதிர்த்தரப்பு வாதம். நல்ல வாதம்தான், குறை சொல்ல மாட்டேன். ஆனா ஒண்ணு யோசி. தெள்ளு தரையில கிடக்குத சாமான். அதிகமா காலைத்தான் கடிக்கும், தொடை இடுக்குல நெறி கட்டும். இங்க குத்து கையில, நெறி அக்குள்ள. தெள்ளுக்குக் கதர் போட்டு ஹவுரா ஸ்டேஷனுக்கு வரத் தெரியாது.

இப்ப நான் சொல்லப் போறதைக் காதைத் தீட்டி வச்சுக் கேளு. கிருமி கோர்ட்டுல சொன்னது பாதிதான். நான் பிளேக், இந்தப் பையன் ரத்தத்துல இருந்தேன், அவ்வளவுதான் அதுக்குத் தெரியும். யார் கூட்டிட்டு வந்தான்னு அதுக்குத் தெரியாது. மீதியைச் சொன்னது காயிதம். தாராநாத் கேட்டு எழுதினது, மாட்டோம்னு வந்த பதில், ஆஸ்பத்திரியில நுழைஞ்ச நாள், பம்பாய்ல தங்கின கணக்கு. நம்ம தோட்டத்துல ஆள்கணக்கு எழுதுத செக்ரோல் மாதிரிதான். துரை மறந்துடுவார், கங்காணி மறந்துடுவான், செக்ரோல் மறக்காது. கிருமியையும் காயிதத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சதும் கதை முடிஞ்சுது. 1935-ல அண்ணனுக்கும் டாக்டருக்கும் தூக்கு. 1936-ல ஹைகோர்ட் அதை ஆயுள் முழுக்க நாடு கடத்தலா மாத்திச்சு. கூட நிறுத்தின வேற ரெண்டு டாக்டருங்களை விட்டுட்டாங்க. குத்தின குள்ளன் கடைசி வரைக்கும் அகப்படலை.

ஓகோ, கண்ணு மின்னுது! குத்தினவன் தப்பிச்சுட்டான்லா, அந்த வேலை எனக்குன்னு நினைக்கே. லே, சொத்து அவனுக்கா வந்தது? சொத்துக்காரன்தானே மாட்டினான். பத்து சென்ட் யார் பேருக்கு வரும்னு போலீஸ்காரன் முதல் நாளே கேப்பான். அதுக்கு மைக்ராஸ்கோப் வேண்டாம்.

அது அந்தக் காலம் மாமா, இப்ப புதுசு புதுசாக் கிருமி இருக்குங்கிறியா? புதுசுல இன்னும் மோசம் மருமவனே. அந்தக் காலத்துல கிருமி தன் பேரை மட்டும்தான் சொல்லும். இப்ப குலம் கோத்திரம் எல்லாம் சொல்லும்.

அமெரிக்காவுல லூசியானான்னு ஒரு மாகாணம். ரிச்சர்ட் ஷ்மிட்னு ஒரு டாக்டர். தன்னை விட்டு விலகப் போன நர்சம்மாவுக்கு 1994-ல சத்து ஊசின்னு சொல்லி, தன்கிட்ட வந்த எய்ட்ஸ் நோயாளி ரத்தத்தை ஏத்திட்டான். எய்ட்ஸ் எங்கிருந்தும் வரலாம், யார் கண்டா? அதுதான் அவன் கணக்கு. ஆனா அந்த வைரஸ் ஆளுக்காள் போகையில கொஞ்சம் கொஞ்சமா மாறும். உன் மூக்கு உங்க தாத்தன் மூக்கு, நெத்தி உங்க அம்மா நெத்தி, இல்லையா? உன்னை நடுச்சந்தையில நிறுத்தினாலும் இவன் இன்னார் வீட்டுப் பிள்ளைன்னு நான் சொல்லிடுவேன். வைரஸுக்கும் அப்படி முகச்சாயல் உண்டு. நர்சம்மா உடம்புல இருந்தது அந்த நோயாளியோட வைரஸுக்குப் பிறந்த பிள்ளை, ஊர்ல உள்ள மத்தவங்க வைரஸெல்லாம் தூரத்து உறவுன்னு தெரிஞ்சுபோச்சு. 1998-ல குற்றவாளின்னு தீர்ப்பு, அப்புறம் 50 வருஷம் தண்டனை. அங்கேயும் காயிதம் கூட வந்தது. ஒளிச்சு வச்சிருந்த ஒரு நோட்டுப் புத்தகத்துல, அன்னைக்கு யார் ரத்தம் எடுத்தான்னு அவன் கையாலயே எழுதி வச்சிருக்கான். படிச்சவன் எல்லாத்தையும் எழுதி வப்பான், அது ஒரு வியாதி.

அதே அமெரிக்கா, ஒரிகன் பக்கம். 1984-ல நம்ம நாட்டுச் சாமியார் ரஜனீஷோட ஆசிரமத்துக்காரங்க. உள்ளூர்த் தேர்தல்ல ஊர்க்காரன் ஓட்டுப் போட வராம இருந்தாப் போதும். ஓட்டலுக்கு ஓட்டல் பச்சைக்காய்ப் பந்தியில சால்மோனெல்லாக் கிருமியைக் கலந்தாங்க. 751 பேருக்கு வயித்தாலப் போச்சு. சமையக்காரங்க கை கழுவலைன்னு முதல்ல சுகாதார ஆளுக கையைக் காட்டினாங்க. பாவம், நம்ம நாட்டுலன்னு இல்லே, எங்க போனாலும் முதல் பழி அடுப்படிக்காரனுக்குத்தான். மறுவருஷம் ஆசிரமத்து ஆய்வுக்கூடத்தைத் திறந்து பாத்தா அதே கிருமி, குப்பியில உக்காந்திருக்கு. காசு குடுத்து வாங்கினதாம்.

ஆனா, கிருமி சொன்னா வேதம்னும் நினைச்சுடாதே. பேத்தி படிப்புத் தலைக்கேறி அப்படித்தான் பேசுவா. நான் அவளைச் சீண்டுறதுக்குன்னே ஒண்ணு வச்சிருக்கேன். 2001-ல அமெரிக்காவுல தபால் கவர்ல ஆந்த்ராக்ஸ் தூள் அனுப்பினாங்க, 5 பேர் செத்தாங்க. பெரிய பெரிய ஆளுக கூடி அந்தத் தூளோட சாதியை அலசி, ராணுவ ஆய்வுக்கூடத்து ஒரு குடுவை வரைக்கும் போயிட்டாங்க. குடுவைக்குப் பொறுப்பா இருந்த விஞ்ஞானி புரூஸ் ஐவின்ஸ் 2008-ல, வழக்குப் போடுறதுக்கு முன்னாலயே தற்கொலை பண்ணிக்கிட்டார். 2011-ல அவங்க தேசிய அறிவியல் அகாடமி என்ன சொல்லிச்சு தெரியுமா? அறிவியலை மட்டும் வச்சு இது இங்கிருந்துதான் வந்ததுன்னு அடிச்சுச் சொல்ல முடியாதுன்னுட்டுது. அந்தக் குடுவையில இருந்து வேற பேரும் எடுத்திருக்காங்கல்லா. பானை யாருதுங்கிறது வேற, கஞ்சியை மோந்தவன் யாருங்கிறது வேற.

இன்னொண்ணும் உண்டு. கிருமி ஆளைக் காட்டிக் குடுக்கும், சில நேரம் காப்பாத்தியும் விடும். லிபியாவுல பெங்காசி ஆஸ்பத்திரியில 400-க்கு மேல குழந்தைகளுக்கு எய்ட்ஸ் வைரஸ். வெளிநாட்டுக்காரி ஊசி போட்டுட்டான்னு பல்கேரியா நர்சம்மாக்கள் அஞ்சு பேர், பாலஸ்தீனத்து டாக்டர் ஒருத்தர், ஆறு பேருக்கும் மரண தண்டனை. 2006-ல விஞ்ஞானிங்க அந்தக் குழந்தைங்க வைரஸ்களோட வம்சாவளியை எழுதிப் பாத்தாங்க. இவங்க 1998 மார்ச்சுல அங்க வந்து இறங்குறதுக்கு முன்னாலயே அந்த வைரஸ் ஆஸ்பத்திரிக்குள்ள குடித்தனம் நடத்தியிருக்கு! கல்யாணத்துக்கு முன்னால பொறந்த பிள்ளைக்கு மாப்பிள்ளையைப் பிடிச்சு அடிச்ச கதை. அதைக் காட்டியும் லிபியாக் கோர்ட் காது குடுக்கலை. அப்புறம் நாடுக நாடுக பேசித்தான் 2007-ல வெளிய வந்தாங்க.

நம்ம கேரளத்துலயே பாரேன். 2018-ல பேராம்பிரையில நிபா. முதல்ல கிணத்துக்குள்ள இருந்த வவ்வாலைப் பிடிச்சாங்க. ஊர் பூரா அதைக் கரிச்சுக் கொட்டிச்சு. சோதிச்சுப் பாத்தா அது பூச்சி தின்னி, நிபாவே இல்லே. அப்புறம் பழந்தின்னி வவ்வாலுக்குப் போனப்பதான் ஆள் அகப்பட்டான். முதல்ல பிடிபடுதவன் பாதி நேரம் பக்கத்துல நின்ன பாவம்தான். நீ முதல்ல பிடிபட்டா மட்டும் அப்படி இருக்காது, அதை நினைச்சுக்கோ.

என்ன முணுமுணுக்கே? கிருமி வேண்டாம், பேப்பாறை அணைப்பக்கம் ஆறு இருக்குல்லாங்கிறியா? ஏ அப்பா! உங்க அண்ணன் ரெண்டு முழம்தான் தள்ளினான், நீ அவனை முழுசாத் தள்ளுதே. சரி, அதையும் சொல்லிடுதேன், மாமன்கிட்ட பாடம் பாதியில நிக்கக் கூடாது.

ஓடையில பாறைமேல கால் வச்சா தவிட்டு நிறத்துல ஒரு வழுக்கல் இருக்குமே, அதைச் சும்மா அழுக்குன்னா நினைக்கே? அதுல பாதி டயாட்டம். கண்ணுக்குத் தெரியாத பாசி, ஆனா மேல கண்ணாடி ஓடு. பேத்தி ஒரு சொட்டை எடுத்துப் படம் காட்டினா. ஒண்ணு படகு மாதிரி, ஒண்ணு ஊசி மாதிரி, இன்னொண்ணு வட்டச் சல்லடை. தட்டான் செஞ்ச நகை தோத்துப் போகும். உயிரோட தண்ணியில விழுந்தவன் மூச்சிழுப்பான். தண்ணியோட டயாட்டம் நுரையீரலுக்குள்ள போகும், ரத்தத்துல ஏறும், நெஞ்சு அடிச்சுக்கிட்டு இருக்குத வரைக்கும் உடம்பெல்லாம் சுத்திக் கடைசியில தொடை எலும்பு மஜ்ஜைக்குள்ள போய் உக்காந்துக்கும். செத்தவனைக் கொண்டு போட்டா தண்ணி வேணும்னா உள்ள போகும், நெஞ்சு நின்னுபோனதால எலும்பு வரைக்கும் சுமந்துட்டுப் போக ஆள் கிடையாது. எலும்புல கிடைச்சதும் ஆத்துத் தண்ணியில உள்ளதும் ஒண்ணான்னு வேற ஒத்துப் பாப்பாங்க. கிணத்துல முக்கி ஆத்துல போட்டாலும் கேள்வி வரும், கேட்டியா. பாத்திரம் சரியாக் கழுவலைன்னா குழாய்த் தண்ணி டயாட்டமே ஒட்டிக்கிட்டுப் பொய்ச்சாட்சி சொல்லிடும்னு டாக்டருங்களுக்குள்ளயே தகராறு உண்டு, அதனால இது ஒண்ணை மட்டும் வச்சு முடிவு கட்ட மாட்டாங்க. உன் விஷயத்துல அந்த ஒண்ணு மட்டுமா இருக்கும்? விதுரா சந்தையில நீ அண்ணனைத் திட்டினதை நாலு மீன்காரி கேட்டிருக்கா.

மேல 25 ஜி.பி. பங்களாவுல துரைமகள் பேயா அலையுதான்னு சொல்லி சனி ஞாயிறு ஆனா பயலுக கேமராவைத் தூக்கிக்கிட்டு வாரானுக. நான் இத்தனை வருஷம் இங்க கிடக்கேன், அந்தப் பிள்ளை எந்தக் கோர்ட்டுக்கும் வந்து நின்னதாக் கேள்விப்படலை. பயப்படுததுன்னா அவளை விட்டுடு, அந்த ஓடை வழுக்கலுக்குப் பயப்படு.

சாயாவைக் குடி, ஆறுது. காலை ஏன் சொறியுதே? இரு இரு, வேட்டியைத் தூக்கு. அட! மழை பெஞ்ச மண்ணுல குறுக்குப் பாதையில வந்தியா? ஒண்ணு கெண்டைக்காலுல, கொழுத்துத் திராட்சை மாதிரி தொங்குது. கடிச்சதே தெரியலையா? அட்டை அப்படித்தான், கடிக்குத வலி தெரியாம மருந்து வச்சுக் கடிக்கும். ஹவுரா ஸ்டேஷன் குள்ளனுக்கு இந்தத் தொழில் தெரியலை பாரு. பிடிச்சு இழுக்காதே. நகத்தை மெதுவா வாய்க்கு அடியில விடு, தானா விடும். ரத்தம் கொஞ்ச நேரம் நிக்காது, அந்தத் துணியை அழுத்திக்கோ.

நசுக்காதே, என்கிட்ட குடு!

ஆஸ்திரேலியாவுக்குத் தெக்க டாஸ்மேனியான்னு ஒரு தீவு. 2001-ல ரெண்டு திருடனுக ஒரு கிழவி வீட்டுல புகுந்து கொள்ளையடிச்சுட்டுப் போனானுக. ரேகை இல்லே, ஒண்ணுமில்லே. தரையில ரத்தம் குடிச்ச அட்டை ஒண்ணு மட்டும் கிடந்தது. போலீஸ்காரன் அந்த ரத்தத்துல டி.என்.ஏ. எடுத்து வச்சுக்கிட்டான். வருஷம் பல ஆச்சு. வேற கேஸுல ஒருத்தன் அகப்பட்டான், ரத்தம் ஒத்துப்போச்சு. 2009-ல ஜெயில்.

அந்தத் தீப்பெட்டியை எடு. குச்சியைக் கொட்டிட்டுக் குடு. ம், உள்ள போ தாயே. இது உன் ரத்தம் மருமவனே. சாமி படத்துக்குப் பின்னால பத்திரமா வைக்கேன். உங்க அண்ணனுக்குத் தும்மல் வந்தாலும் முதல்ல இந்தப் பெட்டியைத்தான் திறப்பேன்.

என்னது, அங்க ஏற்கெனவே ஒரு தீப்பெட்டி இருக்கா? அது போன செவ்வாய்க்கிழமை வச்சது. உங்க அண்ணன் வந்திருந்தான்.